தேதிக்கு விட்ட இடம்

மர்பி டவுனில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் போன் சொந்தக்காரர்களுக்குப் போகாது. எத்திராஜ் அண்ணனுக்குத்தான் போகும். அடுத்த போன் எனக்கு வரும். அதைச் செய்வது அவர். "ஆதி, ஒரு பேனர் போடணும்டா" என்பார். யாருக்கு என்று கேட்பேன். பெயரைச் சொல்லுவார். நான் கம்ப்யூட்டரைத் திறப்பேன்.

என் முழுப்பெயர் ஆதிகேசவன். பேனர், போஸ்டர், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பேட்டை தமிழ், ஊர் கன்னடம். இந்த ஊரில் பேனர் கட்டக்கூடாது என்று சட்டம். பிறந்தநாள் பேனர் கட்டினால் மாநகராட்சி ஆட்கள் மத்தியானத்துக்குள் கிழித்துக்கொண்டு போய்விடுவார்கள். சாவு பேனரில் மட்டும் கை வைக்கமாட்டார்கள். அவர்களுக்கும் பயம் இருக்கும் இல்லையா? அதனால் உயிரோடு இருக்கிறவர்களை விடச் செத்தவர்கள்தான் என் கடைக்கு நல்ல வாடிக்கை. நாற்பது தாண்டியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. உன் வாய்தான் காரணம் என்பாள் அம்மா. இப்படிப் பேசினால் எவள் வருவாள்?

சாவு பேனரில் பெரிய தலைவலி போட்டோ. அழுதுகொண்டிருக்கும் வீட்டில் போய் நல்ல படமாகக் கொடுங்கள் என்று கேட்க முடியாது. கையில் கிடைத்ததை அனுப்புவார்கள். ஒரு வீட்டிலிருந்து ஆதார் கார்டைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அதில் அந்த மனிதரைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. இன்னொரு வீட்டில் அந்தம்மா பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கிற படம். டம்ளரை அழித்தால் உதடு போய்விடும், உதட்டைக் காப்பாற்றினால் டம்ளர் நிற்கும். பட்டுப் பட்டு அலுத்துப்போய் ஒரு ஏற்பாடு செய்தேன். வயதானவர்கள் படத்தை முன்கூட்டியே வாங்கிச் சுத்தம் செய்து, மாலை போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, பெயரும் பிறந்த தேதியும் அடித்து, மறைவு என்ற இடத்தில் தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்துவிடுவேன். காரியம் ஆன அன்று தேதியைப் போட்டால் பேனர் ரெடி.

யாராவது கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நடந்தது தலைகீழ். உயிரோடு இருக்கிறவரைச் செத்துப்போனதாக யாராவது தவறிச் சொன்னால் அவருக்கு ஆயுசு கெட்டி என்று நம் ஜனங்கள் சொல்வார்கள் இல்லையா? அதை இதற்கும் நீட்டிவிட்டார்கள். போட்டோ ரெடி பண்ணினால் எமன் ஏமாந்துபோவான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கிழவிகள் பட்டுப்புடவை கட்டி, பவுடர் பூசி, என் கடைக்கு வந்து போஸ் கொடுத்தார்கள். வரமுடியாதவர்களின் படத்தை எத்திராஜ் அண்ணன் கொண்டுவருவார்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் எப்போதும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். நண்பர்கள் மன்றம் என்று ஒன்று நடத்தினார். மன்றத்தில் அவர்தான் நண்பர், அவரேதான் மன்றம். ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, தாரை தப்பட்டை, கல்பள்ளி சுடுகாட்டில் குழிக்குச் சொல்வது, எல்லாம் அவர் பொறுப்பு. பேனருக்குக் கீழே "துயரத்தில் பங்கேற்கும்" என்று போட்டு அவர் படம் வரும். கை கூப்பிய படம். செத்தவர் படத்தில் பாதி அளவாவது இருக்கவேண்டும் என்பார். நல்ல மனுஷனுக்கு இந்த ஆசைகூட இருக்கக்கூடாதா என்று நானும் பெரிதாகவே போடுவேன்.

யார் படுக்கையில் விழுந்தாலும் அவருக்கு மூக்கு வியர்த்துவிடும். போய் உட்காருவார், கால் பிடித்துவிடுவார், கஞ்சி ஊட்டுவார். சில நாளில் அந்த ஆள் தூக்கத்திலேயே போய்விடுவார். கொடுத்து வைத்த சாவு என்று எல்லாரும் சொல்வார்கள். எமனுடைய மர்பி டவுன் ஏஜென்ட் என்று அவருக்குப் பெயர் வைத்ததே நான்தான். டீக்கடையில் அவர் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம். "ஏஜென்ட் அண்ணா, ஹார்லிக்ஸ் இன்னைக்கு எந்த வீட்டுக்கு?" என்றால் தோளைக் குலுக்கிச் சிரிப்பார். ஊரே சிரிக்கும்.

அப்போதுதான் என் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். அம்மாவின் பெயர் தமயந்தி, வயது அறுபத்தெட்டு. இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. மூன்று மாதத்தில் வாக்கர் பிடித்து நடப்பார்கள் என்றார் டாக்டர். நான் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டில் உட்கார முடியாது. காலையில் இட்லி ஊட்டிவிட்டு வருவேன், மத்தியானம் ஓடிப்போய்ச் சோறு போடுவேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். இது தெரிந்ததும் எத்திராஜ் அண்ணன் தானாகவே வந்தார்.

"நீ கடையப் பாருடா. மத்தியானத்துக்கு மேல நான் அம்மா கூட உக்காந்துக்கறேன். எனக்கு மாத்திரம் இன்னா வேலை?"

எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. நான் அழுகிற ஆள் இல்லை.

அவர் வர ஆரம்பித்த சில நாளில் அம்மாவின் படம் வேண்டும் என்று கடைக்கு வந்து கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அண்ணா, அவங்க எலும்பு ஒடஞ்சு படுத்திருக்காங்க, சாவலை. உங்க ஏஜென்சிய வேற எங்கயாவது வச்சுக்கங்க."

"ஏன்டா கோபம்? சும்னே ஆயுசு கெட்டிக்குத்தான். ஊர்ல எல்லாருக்கும் பண்ணிட்டு பெத்தவளுக்குப் பண்ணாம விடுவியா?"

அது சரிதானே என்று பட்டது. இதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் பெற்றவள் விஷயத்தில் நம்பிக்கை இல்லாதவனும் கொஞ்சம் நம்பத்தான் செய்வான். அம்மாவின் படம் ஒன்று என் போனில் இருந்தது. பொங்கலன்று எடுத்தது, பின்னால் கேஸ் சிலிண்டரோடு. சிலிண்டரை அழித்தேன். முகத்தில் வெளிச்சம் கூட்டினேன். எல்லாருக்கும் போடும் ரோஜா மாலையைப் போட மனசு வரவில்லை. அவளுக்குப் பிடித்தது மஞ்சள் சாமந்தி. அதையே தேடிப் போட்டேன். பார்க்கட்டும் என்று எத்திராஜ் அண்ணனுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சூப்பர் குரு" என்று பதில் வந்தது.

அந்த வாரத்திலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு வாய் வாங்கிக்கொண்டு போதும் என்பாள். மாத்திரை சூடு என்று நினைத்தேன். என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பாள். என் தலையைத் தடவுவாள். எனக்கு நரைத்துவிட்டது என்பாள். ஆபரேஷன் ஆனவர்கள் இப்படித்தான் என்று டாக்டரும் சொன்னார்.

முனியப்பன் செத்தது அப்போதுதான். பக்கத்துத் தெரு, ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி வேலை, எழுபது வயதிருக்கும், தனி ஆள். ஒரே மகள் சோனியாவை ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்தார். காய்ச்சல், கால் வீக்கம் என்று படுத்திருந்தார். மத்தியானம் எத்திராஜ் அண்ணன் கஞ்சி கொண்டுபோனபோது உயிர் இல்லையாம். எனக்குப் போன் வந்தது. படம் ஏற்கெனவே இருந்தது, சில நாள் முன்னால்தான் அண்ணன் கொடுத்திருந்தார். தேதியைப் போட்டு அடித்துக் கொடுத்தேன். டாக்டர் வந்து கை பிடித்துப் பார்ப்பதற்குள் தெருமுனையில் பேனர் ஏறிவிட்டது. அன்று அதை என் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் சோனியா வந்தாள். எல்லாப் பெண்களும் போல ஐஸ் பெட்டி மேல் விழுந்து அழுவாள் என்று பார்த்தால், அவள் பெட்டியைத் திற என்றாள். திறந்தார்கள். அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். தாரை தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தவர்களிடம் நிறுத்துங்கள் என்று கத்தினாள்.

"உள்ள உதடு கிழிஞ்சிருக்கு. பல்லு பட்டுக் கிழிஞ்சிருக்கு. காலைல பத்து மணிக்கு எங்கிட்ட பேசினாரு. ஞாயித்துக்கெழம வரேன்னாரு, பேத்திக்கு கொலுசு வாங்கி வச்சிருக்கேன்னாரு. என் அப்பா செத்த சேதிய எனக்கு யாருமே சொல்லல. பேனர் போட்டோதான் குரூப்ல வந்துச்சு. எப்டி? எப்டி வந்துச்சு? பாடிய எடுக்க விடமாட்டேன். போலீஸக் கூப்புடுங்க."

ஊரே அவள் மேல் பாய்ந்தது. செத்த மனுஷனை அறுக்கவா போகிறாய், உயிரோடு இருக்கும்போது வந்து பார்த்தாயா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். நானும் கேட்டேன். எல்லாரையும் விட நாக்கில் நரம்பில்லாமல் நான்தான் கேட்டேன். எத்திராஜ் அண்ணன் மட்டும் கலைந்த நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். போலீஸ் வந்து ஐஸ் பெட்டியோடு உடலை வண்டியில் ஏற்றியபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எடுத்துட்டுப் போகட்டும். பொண்ணு மனசு ஆறட்டும். பேனரை மட்டும் கழட்டாதீங்க."

என்ன மனசு என்று எல்லாரும் உருகிப்போனார்கள். நானும் உருகினேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, மத்தியானம் சாப்பாடு முடிந்து கடையில் உட்கார்ந்திருக்கிறேன். போலீஸ் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் மமதா இறங்கினார். கன்னடக்காரர், ஆனால் எங்கள் பக்கத்து அல்சூரில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீவே ஆதிகேசவனா? முனியப்பன் பேனர் நீங்கதானே அடிச்சது? ஆர்டர் எப்போ வந்துச்சு?"

"அவர் செத்ததும் எத்திராஜ் அண்ணன் போன் பண்ணாரு மேடம். படம் முன்னாடியே ரெடி. தேதி மட்டும்தான் போட்டேன்."

"எவ்ளோ முன்னாடி?"

"நாலஞ்சு நாள் இருக்கும்."

"அப்ப அவருக்கு இன்னா உடம்பு?"

"லேசா காய்ச்சல்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "காய்ச்சலுக்குக் கண்ணீர் அஞ்சலியா?"

என் வாய் எப்போதும் போல ஓடியது. "அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிடும் மேடம். அவரு படம் கொண்டாந்தா ஆளு போயிடுவாரு. எமனோட ஏஜென்ட்னுதான் நாங்க கூப்புடுவோம்."

சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனையோ தடவை டீக்கடையில் சொன்ன அதே வார்த்தைகள். இந்த ஒரு தடவை மட்டும் என் காதில் விழுந்தது. சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

"போஸ்ட் மார்ட்டம்ல வந்திருக்கு. மூக்கையும் வாயையும் தலகாணி வச்சு அமுக்கியிருக்காங்க. அந்தத் தாத்தா சும்மா போகல, திமிறியிருக்காரு" என்றார் மமதா. "ட்ரெயினிங்ல எங்களுக்குப் பாடம் எடுத்தாங்க. கோபத்துல கொல்றவன் ஒரு டைப். கொன்னுட்டு அங்கயே உக்காந்து தலைல அடிச்சுப்பான். ஆஸ்திக்காகக் கொல்றவன் இன்னொரு டைப், அவன் அழுவுற மாதிரி நடிப்பான். சந்தேகத்துல கொல்றவன் இருக்கான். இவங்கள எல்லாம் பிடிச்சிடலாம். ஊருக்கே ஒரு கண்ணு இருக்கும் அவங்க மேல. கடைசியா ஒருத்தனைப் பத்திச் சொன்னாங்க, நான் அப்ப நம்பல. அவனுக்குச் செத்தவங்க மேல கோபமே இருக்காது. அவங்க சொத்தும் வேணாம். சாவு வீட்ல அவன் வேணும், அவ்ளோதான். அவன் இல்லாம அந்த வீட்ல ஒரு நாற்காலிகூட அசையக்கூடாது. தானே நெருப்பு வச்சுட்டுத் தண்ணி வாளியோட முதல் ஆளா ஓடி வர்ற மாதிரி."

கொடுத்து வைத்த சாவு, கொடுத்து வைத்த சாவு என்று சொல்லிச் சொல்லி நான் அடித்த பேனர்கள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. எத்தனை பேரைப் புதைத்தாயிற்று, எத்தனை பேரை எரித்தாயிற்று. யாரை இனித் தோண்டி யாரிடம் என்ன கேட்பது? கொலைகாரன் என்றால் ரத்தக்கறை, மீசை, சிவந்த கண் என்று நினைத்துக்கொண்டிருந்த முட்டாள் நான். அவன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு என் கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"எத்திராஜ் வீட்ல இல்ல. எங்க இருப்பான்?" என்று கேட்டார் மமதா.

மணி மூன்றரை இருக்கும்.

"எங்க வீட்ல மேடம். எங்க அம்மா கூட."

கடையைப் பூட்டினேனா, வண்டி எடுத்தேனா, எதுவும் நினைவில்லை. ஓடினேன். எங்கள் தெருவில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிராக வந்தாலே ஒன்று பின்னால் போகவேண்டும், ஜீப் எங்கே வரும்? யாரையோ இடித்தேன். யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். அம்மாவின் மஞ்சள் சாமந்தி மட்டும் கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. தேதிக்கு நான் விட்ட இடம். அந்த இடத்தில் இன்றைய தேதி.

கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தேன்.

எத்திராஜ் அம்மாவின் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தான். இனி அவனுக்கு என்ன மரியாதை? அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். அம்மாவின் கண் திறந்திருந்தது. இமைத்தது. உயிர் இருந்தது. அவள் மடியில் அவனுடைய போன் கிடந்தது. அதில் அவள் படம், மாலையோடு, விளக்கோடு. தலைமாட்டில் எப்போதும் இரண்டு தலையணை இருக்கும். ஒன்று அவன் பக்கத்தில் இருந்தது.

அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். அறைந்தேன். எத்தனை முறை என்று தெரியாது. அவன் திருப்பி அடிக்கவில்லை, ஓடவும் இல்லை. பிள்ளை தப்பாகக் கணக்குப் போட்டதைப் பார்க்கிற வாத்தியார் போல வருத்தமாக என்னைப் பார்த்தான்.

"ஏன்டா கத்தற? அம்மா சரின்னுட்டாங்க."

"இன்னாடா சரி?"

"போறேன்னு சொல்லிட்டாங்க. நான் யாரையும் கஷ்டப்படுத்தறது இல்லடா. எல்லாரும் சரின்னு சொன்னப்பறம்தான். முனியப்பன்தான் கடைசி நேரத்துல பேச்சு மாத்திட்டாரு."

பேச்சு மாத்திட்டாரு. சாமியானாவுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றியவனைப் பற்றிச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். பின்னாலேயே வந்துவிட்ட மமதா அதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். எத்தனையோ பார்த்த போலீஸ் முகம், அதுவும் வெளுத்திருந்தது. கான்ஸ்டபிள் அவன் கையைப் பிடித்தபோது அவன் போர்வையை இழுத்து அம்மாவின் காலை மூடிவிட்டு எழுந்தான். அம்மா அவனைப் பார்த்து, "போய்ட்டு வாப்பா" என்றாள்.

தெரு முழுக்கக் கூட்டம். யாரும் கத்தவில்லை. கல்லெறிவார்கள், செருப்பால் அடிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவர் கை தூக்கவில்லை. ஜீப் நின்றிருந்த முனைவரை அவன் கான்ஸ்டபிளோடு நடந்து போனான், ஜனங்கள் வழக்கம்போல வழி விட்டார்கள். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுச் சாவை நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்பா போன மத்தியானம் அவன் வந்தானா? அத்தை போன அன்று கஞ்சி கொடுத்தது யார்? கேட்டுக்கொள்ள முடியாமல் நின்றார்கள். ஒரு கிழவர் மட்டும் என்னிடம் வந்து, "என் போட்டோவ அழிச்சிடுப்பா" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு அம்மாவிடம் வந்தேன். அவள் பயந்தவளாகவே தெரியவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"அவன் இன்னாம்மா சொன்னான் உங்கிட்ட?"

"இன்னா சொல்வான், நல்லாத்தான் பேசுவான். ஆதி ரொம்பக் கஷ்டப்படறான்மா, கடையும் பாத்து உங்களயும் பாத்துன்னு சொல்வான். நீங்க இருக்கறவரைக்கும் அவனுக்கு ஒரு கல்யாணம்கூட ஆவாதுன்னு சொன்னான். தெனம் சொல்வான். நான் நம்பல. எம் புள்ள அப்பிடி நெனைக்க மாட்டான்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் போட்டோவக் காட்டினான். பாருங்கம்மா, உங்க ஆதியே ரெடி பண்ணிட்டான், அவன் வாயால சொல்லமாட்டான், அவனுக்குச் சங்கடம்னு சொன்னான்." அம்மா போர்வையை நீவிவிட்டாள். "சாமந்தி வச்சிருந்த. எனக்கு சாமந்தி புடிக்கும்னு உனக்குத்தானே தெரியும்? வேற யாரு போட்டிருப்பா? அப்புறம் நான் ஒண்ணும் பேசல. சரின்னுட்டேன்."

இப்படித்தான் எல்லாரிடமும் சரி வாங்கியிருக்கிறான். காசுக்கு ஆசைப்படாதவன், கோபம் வராதவன், கத்தி எடுக்காதவன். தலையணை அவனுக்குக் கடைசி வேலைதான். அதற்கு முன்னால் ஒவ்வொரு கிழவன் கிழவி கையிலும் என் வேலையைக் கொடுத்து, பாருங்கள், உங்கள் பிள்ளைகள் தயார் என்று காட்டியிருக்கிறான். பிள்ளைகள் யாருக்கும் அப்படி ஒரு எண்ணமே இருந்திருக்காது. ஆயுசு கெட்டி என்று சிரித்துக்கொண்டே படம் கொடுத்தவர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சுவரில் தலையை மோதிக்கொள்ளலாம் போல இருந்தது. அவனை இன்னும் நாலு அறை அறைந்திருக்கவேண்டும் என்று இருந்தது. அது எதுவும் இப்போது அம்மாவுக்குத் தேவையில்லை என்றும் தெரிந்தது.

"அம்மா, அது ஆயுசுக்குப் பண்ணதும்மா. ஊர்ல எல்லாருக்கும் பண்ற மாதிரி. நீ சாவணும்னு நான் ஏம்மா சொல்வேன்? எனக்கு யாரு இருக்கா உன்னை விட்டா?"

என் வழக்கப்படி கத்தித்தான் சொன்னேன். கத்தாமல் சொல்ல எனக்கு வராது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் கொடுத்த நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அப்ப நீ சொல்லலியா?"

"சத்தியமா சொல்லலம்மா."

"சரி." என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "சொல்லியிருந்தாலும் பரவால்லடா. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல."

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்துபோய்த் தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்தேன். கட்டில் ஓரத்தில், அவன் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்து, ஒரு வாய் எடுத்து நீட்டினேன். சாப்பிடும்மா என்றேன். அவள் வாயைத் திறந்தாள். என்னை நம்பித் திறந்தாளா, இதையும் நான் சொன்னேன் என்பதற்காகத் திறந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.